புகைக்குச் சாதி இல்லையாம்

உப்பளத்துக்காரர்களுக்கு வெயில்தான் கூலி. தையில் பாத்தியைச் சுத்தம் செய்து, மிதித்து, தண்ணீர் கட்டிவிட்டு, மாசியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பங்குனி, சித்திரை வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு உப்பு. ஒரு மழை விழுந்தால் பாத்தியில் பூத்தது முழுக்கக் கரைந்து போகும். மற்ற ஊர்க்காரர்கள் கோடையைத் திட்டும்போது மரக்காணத்தில் மட்டும் யாரும் திட்டமாட்டார்கள்.

அதே வெயிலில்தான் நகரங்களின் குப்பைமேடுகள் எரிகின்றன. 2022 ஏப்ரல் 26 டெல்லி பல்ஸ்வா. மறுநாள், ஏப்ரல் 27, சென்னை பெருங்குடி. 2023 மார்ச் 2 கொச்சி பிரம்மபுரம். 2024 ஏப்ரல் 6 கோவை வெள்ளலூர். எல்லாமே உப்பு விளையும் மாதங்கள்.

எங்கோ எரியும் குப்பையைப் பற்றி உப்பளக் கரையில் இருந்துகொண்டு ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். காரணம் எளிது. ஐப்பசியில் மழை பிடித்தால் அளத்தில் வேலை கிடையாது. அரசு கொடுக்கும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு அதை வைத்து ஒரு குடும்பம் என்ன செய்யும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் வடக்கே சென்னை, தெற்கே புதுச்சேரி. கட்டட வேலை, கேட்டரிங், தூய்மைப் பணி. முதல் இரண்டும் கிடைக்காதவர்களுக்கு மூன்றாவது எப்போதும் கிடைக்கும், எங்கள் தெருப் பெயரைச் சொன்னாலே கிடைக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் அளங்களை மூழ்கடித்துப் போன பிறகு, வழக்கமாகத் தையில் திரும்பிவிடுகிறவர்களில் சிலர் திரும்பவில்லை. நகரத்துக் குப்பை லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் எங்கள் கரைக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே எரிந்தால் இருமல் இங்கே வந்து சேர்கிறது.

நாங்கள் என்றால், இந்தக் கடற்கரைக் காலனிகளில் மாலைநேரப் பாடம், சாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு என்று அலைகிற ஐந்தாறு பேர். (“காலனி” என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்லதுதான். பெயரோடு சேர்த்து, காலனிக்குப் பக்கத்தில் கொட்டியிருப்பதையும் நீக்கியிருந்தால் இன்னும் நல்லது.)

சில மாதங்களுக்கு முன்பு நகரத்தில் ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காற்று மாசு பற்றியது. பேசியவர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். முடிக்கும்போது, “புகைக்குச் சாதி, மதம் தெரியாது, நாம் எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்” என்றார். அரங்கம் கைதட்டியது. எங்களோடு வந்திருந்த உப்பளத்துப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும் ஒருவர் கேட்டார்: “ஒரே காத்துன்னா அவரு வீடு எங்கப்பா இருக்கு?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம். தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரண்டு சொற்கள் இருப்பது வீணுக்கில்லை. காற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் ‘நாம்’ போடுகிறார்கள். கிடங்கு எங்கே என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்த ‘நாம்’ இருப்பதில்லை.

சென்னையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிற ஊர். 1980களிலிருந்து அது இரண்டு இடங்களில் போய்க் குவிந்தது. ஒன்று வடக்கே கொடுங்கையூர், மற்றொன்று தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்த ஆண்டு அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சர் அங்கீகாரம் வந்ததோ, அதே 2022இல்தான் அதன் மடியில் கிடந்த குப்பை நாள்கணக்கில் எரிந்தது. துரைப்பாக்கம், பெருங்குடி, பள்ளிக்கரணை வரை புகை. ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சாலை என்பதால் தொலைக்காட்சிகள் வந்தன. கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட மக்களின் கண்ணகி நகர் அதே சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது என்பது செய்தியில் ஒரு வரிக்கு மேல் வரவில்லை. அந்த மக்களில் பெரும்பகுதி யார் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே கொடுங்கையூர்க் கிடங்கின் வேலியை ஒட்டி எழில் நகரும் ராஜரத்தினம் நகரும். அங்கே தீ என்பது செய்தியே இல்லை, கோடைகாலம் என்று அர்த்தம்.

புகைக்குச் சாதி தெரியாதுதான். குப்பை லாரிக்குத் தெரியும்.

குப்பை எப்படித் தானாக எரிகிறது என்று மாலைப் பாடத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம், ஏனென்றால் தீ பிடித்ததும் வரும் விளக்கங்களைச் சோதித்துப் பார்க்க இது உதவும். சோறு, காய்கறி, மீன் கழிவு எல்லாம் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் கிடந்து மக்கும்போது உள்ளே சூடேறுகிறது. காற்றுப் புகாத ஆழத்தில் மீத்தேன் உண்டாகிறது. வெயில் மேல்பரப்பைக் காயவைக்கிறது. பிறகு ஒரு பொறி போதும். பொறி இல்லாமலும், உள்சூடு ஏறி ஏறிப் பற்றுவது உண்டு. பற்றிய பிறகு அது அடுப்பு மாதிரிச் சுடர்விட்டு எரிவதில்லை. உமி மூட்டம் மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்று நகரும். மேலே தண்ணீர் அடித்தால் தோல்தான் நனையும். பொக்லைன் வைத்துத் தோண்டித் தோண்டி, திருப்பிப் போட்டு நனைக்க வேண்டும், அல்லது மண்ணைக் கொட்டி மூடி மூச்சை நிறுத்த வேண்டும். பிரம்மபுரத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆனது இதனால்தான். கொச்சியில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

கனன்று எரிவதில்தான் ஆபத்து அதிகம். போதிய ஆக்சிஜன் இல்லாமல், குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுண்துகள் எல்லாம் கூடுகின்றன. அதோடு டயாக்சின்.

இந்த இடத்தில் உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. உப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் குளோரின். தொழிற்சாலைக்குப் போகும் உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, இன்னொரு பக்கம் குளோரின். அந்தக் குளோரினில் பெரும் பங்கு பி.வி.சி. பிளாஸ்டிக் செய்யப் போகிறது. குழாய், ஒயர் உறை, பேனர், ரெக்சின், செருப்பு. பி.வி.சி.யின் எடையிலும் பாதிக்கு மேல் குளோரின்தான். அது கடைசியில் குப்பைமேட்டுக்கு வருகிறது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. “மிளகாய் போட்ட மாதிரி எரியுது” என்று சொல்கிறார்களே, அந்த எரிச்சலில் இதற்கும் பங்கு உண்டு. மிச்சக் குளோரின் 200 முதல் 450 டிகிரி சூட்டில், ஒயரில் இருக்கும் செம்பு வினையூக்கியாக நிற்க, டயாக்சினாக மாறுகிறது. கனன்று எரியும் மேட்டில் அந்தச் சூடு தாராளமாகக் கிடைக்கும். மீந்த சோற்றிலும் ஊறுகாயிலும் இருக்கும் சாதா உப்பு கூட இதற்குக் குளோரின் கொடுக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டயாக்சின்களில் மிகக் கொடியதை 1997இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. உடம்புக் கொழுப்பில் தங்கினால் பாதியாகக் குறையவே ஏழிலிருந்து பதினோரு வருஷம். குப்பைமேட்டில் மேயும் மாட்டின் பாலிலும், அங்கே கொத்தித் தின்னும் கோழியின் முட்டையிலும் சேரும்.

இதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் சிரித்தார். “நாம வாரிக் குடுத்த உப்பு நமக்கே திரும்பி வருதுன்னு சொல்றீங்க” என்றார். எந்த அளத்து உப்பு எங்கே போகிறது என்று பெயர் ஒட்டி அனுப்புவதில்லை, ஆனாலும் அவர் சொன்னதை மறுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் ஒரு நகரத்துக் கிடங்கில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். எந்த நகரம், எந்த ஒப்பந்தக்காரர் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறோம். மேடு தீப்பிடித்த நாளில் மற்ற எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். இவர்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள். ஹோஸ் பிடிக்க, மண் தள்ள, பொக்லைனுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் இல்லையா. கொடுத்தது நீல நிறத் துணி மாஸ்க். அது தூசிக்கே பாதிதான் தாங்கும். வாயுவுக்குச் சுத்தமாகத் தாங்காது. நுண்துகளைத் தடுக்கக் குறைந்தது என்95 வேண்டும், வாயுவுக்கு வேறு வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். அக்கா சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறோம்:

“முந்தானைய நனச்சி மூக்குல கட்டிக்குனேன். அரை அவருக்கு ஒருக்கா அவுத்துப் புழிஞ்சா கறுப்பா தண்ணி வரும். மூணு ராத்திரி. நாலாம் நாளு எழுந்துக்க முடியல, நெஞ்சுல யாரோ ஒக்காந்துக்குன மாதிரி. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி புடிச்சிட்டாங்க.”

கூலி பிடித்தது எதற்கு? புகையைத் தின்று படுத்ததற்கு. இதை நாங்கள் எழுத்தில் கேட்டபோது வந்த பதிலில் அவர் பெயரே வருகைப் பதிவேட்டில் இல்லை என்றார்கள். பதிவேட்டில் இல்லாத ஆளுக்கு எப்படிக் கூலி பிடித்தார்கள் என்று திரும்பக் கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பது ‘வீசிங்’. எங்கே வேலை செய்கிறார், எதைச் சுவாசித்தார் என்று எழுத அதில் இடமே கிடையாது. எனவே அவருடைய நெஞ்சு, புள்ளிவிவரத்தில், சும்மா ஒரு நெஞ்சு.

வெள்ளலூர்க் கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தீயை அணைக்க 76 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு என்று மாநகராட்சி மன்றத்தில் கணக்கு வந்தது. அதில் 27 லட்சத்துக்கு மேல் சாப்பாடு, டீ, குடிநீர் வகையறா என்று இருந்ததால் பெரிய சர்ச்சையானது. டீ பற்றி எல்லோரும் பேசினார்கள். தீயில் நின்றவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை என்று ஒரு தலைப்பு அந்தக் கணக்கில் உண்டா என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

அடுத்து அளவீடு. மாணவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2.5 மைக்ரானுக்குச் சிறிய துகள் நுரையீரலின் அடி அறைகள் வரை போய் ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம், எடை குறைந்த பிள்ளைப்பேறு வரை இதோடு தொடர்புடையவை. இந்தியாவில் 2009 முதல் இதற்கான வரம்பு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. வித்தியாசம் நாலு மடங்கு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ‘சராசரி’ என்ற சொல்லைப் பாருங்கள். ஒரு கணக்குப் போடுவோம். ராத்திரி நான்கு மணி நேரம் 300 இருக்கிறது, மீதி இருபது மணி நேரம் 12 இருக்கிறது என்று வையுங்கள். கூட்டி 24ஆல் வகுத்தால் சரியாக 60. வரம்புக்குள் வந்துவிட்டது! அந்த நான்கு மணி நேரம் மூச்சுத் திணறி உட்கார்ந்திருந்த குழந்தைக்கு, அன்றைய காற்று சட்டப்படி சுத்தமானது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும், பகலில் கடல் காற்று உள்நாட்டுக்கு வீசும், இரவு தரைக் காற்று கடலைப் பார்த்துத் திரும்பும். இரவில் நிலம் குளிர்ந்து கீழ்க்காற்று கனத்துவிடுவதால் புகை மேலே போகாமல் தரையோடு படியும். பகலில் ஆய்வுக்கு வரும் அதிகாரி நிற்கும் இடத்தில் புகை இருக்காது. அவர் போன பிறகு குடிசைக்குள் வரும். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் மணிவாரி அளவுகளை இணையத்தில் யாரும் எடுக்கலாம். சராசரியைப் பார்க்காமல், இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை தனியாக எடுத்துப் போட்டுப் பாருங்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களுக்கு இது எங்கள் யோசனை, இலவசம்.

ஆனால் அந்தக் கருவி டயாக்சினை அளக்காது. அதற்குத் தனி ஆய்வகம் வேண்டும், செலவும் நேரமும் ஆகும். மரக்காணத்துக்கோ கருவியே கிடையாது.

எங்கே கிடங்கு எரிந்தாலும் முதல் நாளிலேயே ஒரு குற்றவாளி கிடைத்துவிடுகிறார். “இரும்பு, செம்பு பொறுக்குகிறவர்கள் ஒயரைக் கொளுத்தினார்கள், அதிலிருந்து பரவியது.” சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். உறையை எரித்தால்தான் செம்பு வரும், செம்பு கொடுத்தால்தான் காயலான் கடையில் காசு. எங்கள் கேள்வி அதைத் தாண்டியது. ஒயரைத் தனியாக வாங்கி உரித்தெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் யார்? மீத்தேன் வெளியேறக் குழாய் போட வேண்டியவர்கள் யார்? தினமும் கொட்டியதன் மேல் மண் போட வேண்டியவர்கள் யார்? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்குகிறவர்களை அடையாளம் கண்டு, பதிவு செய்து, முறையான வேலைக்குள் கொண்டுவர வேண்டும் என்றன. அட்டை கிடைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

மொழியைப் பாருங்கள். பொறுக்குவது ஒரு வேலை. நெல் பொறுக்கலாம், பூப் பொறுக்கலாம், கிளிஞ்சல் பொறுக்கலாம். அதைச் செய்கிறவரைக் குறிக்கும் சொல் மட்டும் தமிழில் வசைச்சொல். ஊரார் தூக்கி எறிந்ததைத் தரம் பிரித்து மறுபடி பொருளாக்குகிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர், தெருவில் பெண்ணைச் சீண்டுகிறவனுக்கும் அதே பெயர். பல்ஸ்வாவில் எரிந்தபோது, பக்கத்தில் குப்பை பொறுக்குவோரின் பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளியைப் புகையால் மூட வேண்டியதாயிற்று. அப்பா அம்மாவின் பெயர் வசை, பிள்ளையின் வகுப்பறை புகை.

எங்கள் பக்கத்தில் புகைக்கு வேறு ஒரு நினைவும் உண்டு. 2013 ஏப்ரல் 25. சித்திரை முழுநிலவு நாள். அன்று மரக்காணத்தில் எரிந்தது குப்பை இல்லை, எங்கள் மக்களின் குடிசைகள். அப்போது ஆறேழு வயதாக இருந்த ஒரு தங்கை இப்போது கல்லூரியில் படிக்கிறார். எங்கேயாவது பிளாஸ்டிக் எரியும் வாசனை வந்தால் முதலில் வீட்டு ஆட்களை எண்ணுவாராம். காற்று மாசின் உடல்நல விளைவுகள் என்று பட்டியல் போடுகிற எந்த அறிக்கையிலும் இது வராது. தீ வேறு, தீ வேறு என்று எங்களிடம் வாதாடலாம். ஒன்று கலவரம், மற்றொன்று நிர்வாகக் குறைபாடு. சரி. ஆனால் எரிவது யாருடைய தெரு என்ற கேள்விக்கு இரண்டிலும் ஒரே விடைதானே வருகிறது.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் நாம் இல்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இடத்தில் நச்சு மண்ணைக் கொட்ட 1982இல் அரசு கிளம்பியபோது மக்கள் லாரிக்கு முன்னால் ரோட்டில் படுத்தார்கள்; ஐந்நூறுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். கொட்டுவதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் 1987இல் ஒரு தேவாலய அமைப்பு நாடு முழுக்கக் கணக்கெடுத்து, நச்சுக் கழிவு எங்கே போகிறது என்பதை இனம் தீர்மானிக்கிறது என்று எண்களோடு காட்டியது. சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் ஹூஸ்டன் நகரத்துக் குப்பைக் கிடங்குகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் வைத்துப் பார்த்து எழுதினார். எம்.ஏ. வகுப்பில் அவரைப் படித்தபோது எங்களுக்குத் தோன்றியது ஒன்றுதான்: இங்கே இதைச் செய்ய வரைபடம்கூட வேண்டாம், வாக்காளர் பட்டியல் போதும். இந்தியச் சுற்றுச்சூழல் எழுத்துகளில் சாதி எப்படிக் காணாமல் போகிறது என்று முகுல் சர்மா 2017இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நூலகத்தில் இருந்தால் எடுத்துப் படியுங்கள்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே. திறந்தவெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். ஆனால் எங்கள் கண் வேறு ஒரு சட்டத்தின் மேல் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகு அதில், பட்டியல் சாதியினர் குடியிருக்கும் இடத்திலோ வாசலிலோ மலம், சாக்கடை, செத்த பிராணி, அருவருப்பான பொருளைக் கொட்டுவது குற்றம். காயப்படுத்தவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ வேண்டும் என்ற உள்நோக்கத்தோடு அவர்களுடைய அக்கம்பக்கத்தில் கழிவைக் கொட்டுவதும் குற்றம். தனி ஆள் ஒருவன் ஒரு கூடை கொட்டினால் வழக்குப் போடலாம். தினமும் லாரி லாரியாகக் கொட்டினால்? அது திட்டம். ‘உள்நோக்கம்’ என்ற சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறது. யாருக்கும் உள்நோக்கம் இல்லையாம், மலிவாக இடம் கிடைத்ததாம். ஏன் அங்கே மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று நீதிமன்றத்தில் வாதாட ஒரு தலைமுறை வக்கீல்கள் வர வேண்டும். சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இந்தப் பத்தியை இரண்டாம் முறை படிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

தீர்வு என்று வருவதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பெருங்குடியில் சுமார் 350 கோடி ரூபாயில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள். கொடுங்கையூரிலும் சுமார் 640 கோடியில் அந்த வேலை. பயோமைனிங்கை நாங்கள் எதிர்க்கவில்லை; மேடு கரைந்தால் நல்லது. ஆனால் கொடுங்கையூரில் கூடவே இன்னொரு திட்டம்: நாளைக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை. வட சென்னை மக்கள் 2025 மே மாதம் மனிதச் சங்கிலி நின்று வேண்டாம் என்றார்கள். ஏற்கனவே அனல் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் சுமக்கும் பகுதி அது. டயாக்சின் சிதைய 850 டிகிரிக்கு மேல் சூடு விடாமல் நிற்க வேண்டும். எங்கள் ஊர்க் குப்பையில் பாதி ஈரம். ஈரக் குப்பையை வைத்து அந்தச் சூட்டை எல்லா நாளும் பிடித்து நிறுத்துவார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். முப்பது வருஷமாக அதன் மேல் மண் போட்டு மூட முடியாதவர்கள். திறந்தவெளித் தீயைப் புகைபோக்கிக்குள் வைத்தால் தொலைக்காட்சிக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்பது எங்கள் கருத்து.

பெரிய கிடங்குகளைப் பற்றிப் பேசிப் பேசி எங்கள் கரையை மறந்துவிடக் கூடாது. இங்கே மலை இல்லை, ஆனால் தீ இருக்கிறது. ஈ.சி.ஆர். ரோட்டில் ரிசார்ட்டுகளும் பிரியாணிக் கடைகளும் பெருகப் பெருகக் குப்பையும் பெருகியது. அதைக் கொட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் கண்டுபிடித்த இடம், காலனிக்கும் அளத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். நிரம்பியதும் சாயங்காலத்தில் கொளுத்திவிடுகிறார்கள். கரி பறந்து பாத்தியில் விழுந்தால் உப்பு கறுப்படிக்கும், வியாபாரி விலை குறைப்பான். அதனால் அளத்து முதலாளிகள் ஒரு முறை சண்டைக்குப் போனார்கள், சில வாரம் கொளுத்துவது நின்றது. பிள்ளைகள் இருமியதற்கு நிற்காத தீ உப்பு கறுத்ததும் நின்றது. பிறகு காற்று அளத்துப் பக்கம் அடிக்காத நேரமாகப் பார்த்துக் கொளுத்த ஆரம்பித்தார்கள். எந்த நேரம் என்று சொல்ல வேண்டுமா?

அந்தத் தெருவில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. டீக்கடை அக்காவிடம் ஒரு வாரம், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒரு வாரம் என்று கை மாறும். எழுத வேண்டியது ஐந்து விஷயம். தேதி, புகை தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், காற்று எந்தப் பக்கம், அன்று ராத்திரி யாருக்கு மூச்சு வாங்கியது. போனில் எடுத்த படத்தில் நேரமும் இடமும் பதிவாகும்படி வைத்துக்கொள்கிறோம். மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாமல் நோட்டின் பின்னட்டையில் செருகி வைக்கச் சொல்லியிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெபுலைசர் வைத்த தேதிகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம், பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரியும் என்பது அது வந்த பிறகுதான் தெரியும்.

முதல் நோட்டு மாசியில் தொடங்கியது, பங்குனி முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. இரண்டாவது வாங்கிக் கொடுத்தோம். அதன் முதல் பக்கத்தில் அந்தப் பையன் காற்றுத் திசைக்காக ஒரு படம் வரைந்திருக்கிறான்: நடுவில் பள்ளம், கிழக்கே அளம், மேற்கே தெரு. தெருவில் வீடுகளுக்கு எண் போட்டு, இருமல் உள்ள வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறான். பதினேழு வீட்டில் பதினொன்றுக்குப் புள்ளி. பன்னிரண்டாவது வீட்டுக்குப் பென்சிலால் வைத்துவிட்டு, “டாக்டரிடம் கேட்கணும்” என்று எழுதியிருக்கிறான்.